இடாப்பு

ஒட்டுசுட்டான் சந்தி தாண்டி
கிரவல் ரோட்டில் நாலு கட்டை.
வாசிகசாலை என்று பலகை இருக்கிறது,
பேப்பர் வருவதில்லை.
பின்னேரம் மூன்றரைக்கு நான் திறப்பேன்.
அதற்கு முன்னமே ஜதுர்சிகா
விறாந்தையில் ஆட்டுப் புழுக்கையைக்
கூட்டித் தள்ளியிருப்பாள்.

ஒஸ்லோவில் இருந்து சங்கத்துக் காசு,
மாதம் பன்னிரண்டாயிரம் எனக்கு.
வெண்கட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் நாலாயிரம் தனி.
பதிலுக்கு அவர்கள் கேட்பது
இடாப்பும்
மாதக் கடைசியில்
எல்லோரும் நிற்கிற ஒரு படமும்.

இருபத்தாறு பெயர்.
வராததற்குக் காரணம் எழுத ஒரு நிரல்,
சுண்டுவிரல் அகலம்.
அதற்குள் நெருக்கி எழுதியிருக்கிறேன்:
கச்சான் பிடுங்க.
தம்பிக்குக் காய்ச்சல், தாய் கண்ணிவெடி அகற்றப் போய்விட்டா.
லோன்காரர் படலையில் நின்றதால்
வீட்டுக்குள் சத்தம் போடாமல் இருந்தது.
யானை.
யானை.
சைக்கிள் ரியூப்.

கபிலாசன் பெயருக்கு நேரே
ஒன்பது நாளாய்ப் பூச்சியம்.
காரணம் எழுதவில்லை.
ஊர் முழுக்கத் தெரிந்ததை
இடாப்பில் எழுதினால் அது வேறு கதை.

எதிரே மதகு. அதில்தான் குந்தியிருக்கிறான்,
மடியில் போன், வாயில் புல்லுக் குச்சி.
ஆற்றுக்குள் டிப்பர் மணல் ஏற்றும்.
இவன் இங்கே ஜீப் வருகுதா என்று பார்ப்பான்.
பொழுதுபட்டால் ஆயிரத்தைந்நூறு.
"உங்களைவிட எனக்குச் சம்பளம் கூட, ரீச்சர்."
நக்கல் இல்லை.
கணக்காய்த்தான் சொன்னான்.

வீட்டுக்குப் போனேன்.
"நான் வேண்டாமெண்டுதான் சொல்லுறன்" என்ற தாய்
அரிசிச் சாக்கைக் காலால்
மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினா.
நான் கொண்டுபோன பேச்சு முழுவதும்
தேத்தண்ணியோடு உள்ளே போயிற்று.

அடுத்த நாள் கரும்பலகையைக் கழற்றினோம்.
ஆறு பேர் தூக்கி
விறாந்தையில், ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்கள்.
தெரிகிறதா என்று பார்க்க
மதுசிகன் மதகுக்கு ஓடினான்.
"எழுத்துச் சின்னன்!"
பெரிதாய் எழுதினேன்.
"இன்னும்!"
ஒரு பலகைக்கு ஒரு கணக்குத்தான் கொண்டது.

கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.
இஞ்சி வாங்கி
கணக்கில் வெண்கட்டி என்று போட்டேன்.

நேற்றுப் பின்னக் கணக்கு.
மூன்றில் இரண்டும் நாலில் ஒன்றும்.
பாலை மரத்தில் வெளிச்சம் அடித்தது.
மதகில் அவன் போனுக்குள் குனிந்தான்.
இருபத்தைந்து தலையும்
ஒன்றாய்ப் பலகைப் பக்கம் திரும்பின.
நானும்தான்.
ஜீப் மெதுவானது.
உள்ளிருந்து யாரோ எங்களைப் பார்த்தார்கள்,
நல்ல வேலை என்பதுபோலக் கை காட்டினார்கள்.
புழுதி அடங்கும்வரை ஒருவரும் பேசவில்லை.
கையில் வெண்கட்டி நனைந்து போயிருந்தது.

ஆற்றில் ஆள் கலைந்திருக்கும்.
நாளைக்கு அவன் வீட்டில் அரிசியும் இருக்கும்.
எதற்கு எது பிழை என்று
இந்தப் பலகையில் எழுதத் தெரியவில்லை எனக்கு.

மாதப் படத்தில் இருபத்தைந்து முகம்.
ஏன் ஒன்று குறைவு என்று ஒஸ்லோ கேட்டது.
இடது கரையில் கொஞ்சம் இருட்டு இருக்கு,
பெரிதாக்கிப் பாருங்கோ என்று அடித்து
அழித்தேன்.

ஆனால் நேற்று,
வாங்குகளை உள்ளே இழுக்கிற நேரம்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஏழில் மூண்டு!"

பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
"பகுதியெண்ணைக் கூட்டாதையெண்டு
எத்தினை தரமடா சொல்லுறது!"
இருந்த கொஞ்சத் தொண்டையும் கிழிந்தது.
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும்.
பிறகு மதகில்
போன் வெளிச்சம் பற்றியது.
விரலை மடித்து மடித்து
திரும்ப எண்ணுகிறான்.

பூட்டு ஒரு கையில்.
இடாப்பைத் தொடையில் வைத்து
பத்தாம் நாள் கட்டத்தில்
ஒன்று போட்டேன்.